டார்ச்சுக்காரர் உட்கார்ந்த கதை

என் அப்பா உட்கார்ந்து நான் பார்த்தது குறைவு. சாப்பிடுவது அடுப்படி மேடையில் தட்டை வைத்து நின்றபடி. செய்தித்தாள் படிப்பது கதவில் சாய்ந்தபடி. வீட்டுக்கு யாராவது வந்தால் அவர்களை உட்காரவைத்துவிட்டு, அவர்கள் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றே பேசுவார். வந்தவர்கள் கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பேசிக் களைத்துப் போவார்கள். எங்கள் வீட்டில் ஆளுக்கொரு நாற்காலி உண்டு. அவருடைய நாற்காலியில் மட்டும் எப்போதும் துவைத்து மடிக்காத துணி உட்கார்ந்திருக்கும்.

"உக்காருங்களேன்ப்பா" என்றால், "இருக்கட்டும் பாப்பா, இதோ போகணும்" என்பார். எங்கே போகணும் என்று கேட்டால் பதில் வராது. எங்கேயும் போகவும் மாட்டார்.

சினிமா தியேட்டரில் டார்ச் அடித்து இடம் காட்டுகிற வேலை அவருக்கு. தெருவில் அவருக்குப் பெயரே டார்ச்சு. என்னை டார்ச்சு பொண்ணு என்பார்கள். தம்பி பிறந்தபோது சின்ன டார்ச்சு என்றார்கள். தபால்காரர் முதல் பக்கத்து வீட்டுக் குழந்தை வரை அப்படித்தான். அவரும் அதற்குத்தான் திரும்பிப் பார்ப்பார்.

காலைக் காட்சியிலிருந்து கடைசிக் காட்சி வரை நிற்க வேண்டும். உள்ளே வருபவரின் டிக்கெட்டை வாங்கி, பாதியைக் கிழித்துக் கையில் கொடுத்து, வெளிச்சத்தைத் தரையில் விட்டபடி முன்னால் நடக்க வேண்டும். வெளிச்சம் யார் முகத்திலும் படக் கூடாது என்பது அவர் சட்டம். "மூஞ்சியில அடிச்சா திருடனைப் பிடிக்கற மாதிரி ஆயிடும்" என்பார். மேலே பால்கனியில் மெத்தை இருக்கைகள், கீழே மர பெஞ்சு. பெஞ்சு டிக்கெட் எடுத்துவிட்டு இருட்டில் நைசாகப் பால்கனிக்கு ஏறுகிறவர்களை அவர் கண்கொத்திப் பாம்பாகக் கண்டுபிடிப்பார். ஆனால் கத்த மாட்டார், கையைப் பிடித்து இழுக்க மாட்டார். அந்த ஆளின் செருப்புக்குப் பக்கத்தில் வெளிச்சத்தை விட்டுவிட்டுச் சும்மா நிற்பார். கொஞ்ச நேரத்தில் அந்த ஆளே எழுந்து வந்துவிடுவான். எனக்கு வீட்டில் இந்த வைத்தியம் நிறைய நடந்திருக்கிறது. பரீட்சைக்குப் படிக்காமல் கதைப்புத்தகம் படித்துக்கொண்டிருந்தால் பக்கத்தில் வந்து நிற்பார், அவ்வளவுதான். திட்டினால் திருப்பி ஏதாவது சொல்லலாம். நிற்கிற மனிதரை என்ன செய்வது?

இவ்வளவு கறாரான மனிதர் ஒன்றை மட்டும் அனுமதித்திருந்தார். அதற்குத் தியேட்டரில் 'பாதி மாத்து' என்று பெயர். இரண்டு பேர் படத்துக்கு வருவார்கள். இரண்டு பால்கனி டிக்கெட்டுக்குக் கையில் தெம்பு இருக்காது. ஒரு பால்கனி, ஒரு பெஞ்சு எடுப்பார்கள். முதல் பாதி ஒருவர் மேலே, இரண்டாம் பாதி மற்றவர் மேலே. அக்கா தங்கைகள், நண்பர்கள், கல்யாணமான புதுசில் இருக்கும் ஜோடிகள் எல்லாரும் இதைச் செய்வார்கள். மற்ற டார்ச்சுக்காரர்கள் விரட்டுவார்கள். அப்பா விட்டுவிடுவார். "இடம் ரெண்டு, ஆளு ரெண்டு. யாரு எங்க உக்காந்தா தியேட்டருக்கு என்ன போச்சு?" என்பது அவர் கட்சி.

விட்டுவிடுவார் என்றால் சும்மா இல்லை. இடைவேளை விட்டு விளக்குப் போட்ட பிறகுதான் மாறலாம். இருட்டில் மாறினால் நடுவில் இருப்பவர்கள் எல்லாரும் காலை மடக்க வேண்டும், பார்க்கிற படம் கெட்டுப்போகும். இரண்டு பேரும் வெளியே வந்து, ஐஸ்கிரீம் விற்கிற இடத்தில் இவர் கண்முன்னால் டிக்கெட்டைக் கை மாற்ற வேண்டும். ஒருமுறை மாறினால் மாறியதுதான், க்ளைமாக்ஸ் பார்க்க மறுபடி ஓடிவரக் கூடாது. ஒருதடவை புதுமாப்பிள்ளை ஒருவன் முதல் பாதியை மெத்தையில் பார்த்துவிட்டு, இறங்க மனசு வராமல் தூங்குவது போல நடித்தான். பெண் கீழே ஐஸ்கிரீமோடு காத்திருக்கிறாள். அப்பா போய் அவன் காலடியில் வெளிச்சத்தை விட்டு நின்றார். விளக்கணைத்துப் படம் போட்டும் நின்றார். கதாநாயகன் பாட்டுப் பாடி முடிக்கும்வரை நின்றார். அவன் எழுந்து போன பிறகுதான் நகர்ந்தார். "மேல உக்காந்தவனுக்குக் கீழ இருக்கற பொண்டாட்டி ஞாபகம் இருக்கணும்ல" என்று வீட்டுக்கு வந்து சொன்னாராம். சொன்னதும் நின்றுகொண்டுதான்.

அம்மாவுக்கும் இருக்கைதான் தொழில். சோபாவுக்கும் நாற்காலிக்கும் உறை தைக்கிற கடையில் வேலை பார்த்தாள். தியேட்டர் மெத்தைகள் கிழிந்தபோது கடையிலிருந்து அவளை அனுப்பினார்கள். பால்கனியின் கடைசி வரிசையில் விளக்கு எரியவில்லை. ஊசி கோக்க வெளிச்சம் காட்டுகிறேன் என்று வந்தவர் அப்பா. அம்மா அந்த வேலையை ஒரே நாளில் முடித்திருக்கலாம். முடிக்கவில்லை. அப்பாவும் அந்த விளக்கை மாற்றச் சொல்லி மேனேஜரிடம் கேட்கவில்லை. இதற்குமேல் இரண்டு பேருமே சொல்ல மாட்டார்கள். கேட்டால் அம்மா, "போடி, வேலையப் பாரு" என்பாள்.

பிறகு அந்தத் தியேட்டரை இடித்து மூன்று திரை வைத்துக் கட்டினார்கள். அப்பாவுக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை. "எலி குறைஞ்சிடுச்சு" என்றார். புதுத் தியேட்டரிலும் ஓய்வு பெறுகிறவரை நின்றார். ஓய்வு பெற்ற பிறகு வீட்டில் நின்றார்.

இப்போது விமானக் கதைக்கு வருகிறேன்.

தம்பி வேலைக்காகக் கடல் தாண்டிப் போய் அங்கேயே வீடு பார்த்துக்கொண்டான். வந்து பாருங்கள் என்று அழைத்துக்கொண்டே இருந்தான். அம்மாவுக்கு முழங்கால் ஆபரேஷன் நடந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. டாக்டரைக் கேட்டேன். "காலைத் தொங்கப் போட்டு ரொம்ப நேரம் உட்கார்ந்தா வீங்கிடும். நீட்டி வைக்க வழி இருந்தா போகட்டும்" என்றார். நான் அலுவலக வேலையாகப் பறந்து பறந்து விமானக் கம்பெனியில் சேர்த்த புள்ளிகள் இருந்தன, அவற்றை டிக்கெட்டாக மாற்றிக்கொள்ளலாம். கணக்குப் போட்டால் ஒரு பிசினஸ் கிளாஸ் இருக்கைக்குத்தான் வந்தது. அது அம்மாவுக்கு. அப்பாவும் நானும் பின்னால் எகானமியில். எனக்கு இது மிகத் தெளிவான ஏற்பாடாகத் தோன்றியது. எங்கள் வீட்டில் தெளிவான ஏற்பாடு எதுவும் பிழைத்ததில்லை என்பதை மறந்துவிட்டேன்.

"நான் மட்டும் முன்னாடி ராணி மாதிரி படுத்துக்கிட்டு வர, இவரு பின்னாடி மடங்கிக் கெடப்பாரா? நான் வரலை" என்றாள் அம்மா.

"உங்க முட்டிக்காகம்மா. டாக்டர் சொன்னதை நீங்களும்தானே கேட்டீங்க?"

"கேட்டேன். பாதி மாத்துன்னா வர்றேன். இல்லாட்டி நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்க, நான் வீட்டைப் பாத்துக்கறேன்."

பிடித்த பிடியை விடுகிற ஆள் இல்லை அவள். நான் கெஞ்சினேன், கத்தினேன், தம்பியை விட்டுப் பேசச் சொன்னேன். ஒன்றும் நடக்கவில்லை. அப்பாதான் கதவில் சாய்ந்தபடி, "சரி, பாதி மாத்து. இடைவேளை விட்டதும் மாறிக்கலாம்" என்று ஒரே பேச்சில் முடித்தார். அவர் அவ்வளவு சுலபமாக ஒப்புக்கொண்டது எனக்குச் சந்தேகமாக இருந்தது. அம்மா பெட்டி அடுக்கப் போனதும் என் பக்கம் குனிந்தார்.

"விமானத்துல ஏது பாப்பா இடைவேளை?" என்றார். முகத்தில் திருட்டுச் சிரிப்பு.

வாழ்நாளெல்லாம் இடைவேளை விஷயத்தில் ஒருவரையும் ஏமாற்றாத மனிதர், கட்டின மனைவியை ஏமாற்றத் திட்டம் போட்டுவிட்டார். எனக்கு அப்போது அது நல்ல திட்டமாகவே பட்டது.

விமானம் காலையில் கிளம்பியது. இரண்டு வகுப்புக்கும் நடுவில் தொங்கிய துணித் திரைக்கு முன்னால் அம்மா, பிசினஸ் கிளாஸின் கடைசி வரிசை. நாங்கள் திரைக்குப் பின்னால் இரண்டாவது வரிசையில் ஓரமாக இருந்த இரட்டை இருக்கையில். எனக்கு ஜன்னல், அப்பாவுக்கு நடைபாதை. உட்கார்ந்த கையோடு எழுந்துவிட்டார். ஆட்கள் போர்டிங் பாஸை வைத்துக்கொண்டு மேலேயும் கீழேயும் பார்த்தபடி முட்டி மோதிக்கொண்டிருந்தார்கள். அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க அவரால் முடியுமா?

"எந்த நம்பர்? உள்ள போங்க, இடது பக்கம், மூணு வரிசை தள்ளி. நீங்க நில்லுங்கம்மா, அவரு போகட்டும். உங்களது இதோ இதுதான்."

வரிசை மளமளவென்று நகர்ந்தது. ஒருவர் அவரிடம் தலையணை கேட்டார். அப்பா எங்கிருந்தோ எடுத்துக் கொடுத்தார். இன்னொருவர் குடிக்கத் தண்ணீர் கேட்டதும்தான் ஒரு பணிப்பெண் வந்து, "சார், நீங்க உங்க இடத்துல உட்காரணும்" என்றாள். அப்பா அவமானப்பட்டுப்போனார். "மன்னிச்சுக்கம்மா. உங்க வண்டி, உங்க சட்டம்" என்று உட்கார்ந்து பெல்ட்டைப் போட்டுக்கொண்டார்.

விமானம் மேலே ஏறி நிதானத்துக்கு வந்ததும் அம்மாவிடமிருந்து வரத்து ஆரம்பித்தது. முதலில் ஒரு ஜோடி சாக்ஸ், பணிப்பெண் கையில். "முன்னாடி இருக்கிற அம்மா உங்ககிட்டக் குடுக்கச் சொன்னாங்க." பிறகு ஒரு சூடான கைத்துண்டு. அது வந்து சேர்வதற்குள் ஆறிவிட்டது. பிறகு காகிதக் கைக்குட்டையில் சுற்றிய கேக், பாதி கடித்தது. பிறகு உப்பும் மிளகும் வைத்த இரண்டு குட்டிக் குப்பிகள். ஒவ்வொன்றையும் வாங்கும்போது அப்பா கூனிக் குறுகினார்.

"மேல வாங்கினதைக் கீழ கொண்டுவரக் கூடாது பாப்பா. பக்கத்துல இருக்கறவன் வாயைப் பாத்துக்கிட்டு இருப்பான்ல. நீ போய்ச் சொல்லு."

"நானும் அங்க போகக் கூடாதுப்பா. அங்க இருக்கறவங்க இங்க வரலாம், நாம போகக் கூடாது."

"அப்படியா? நம்ம தியேட்டர் மாதிரியேதான்" என்றார். அந்த நினைப்பில் அவருக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது.

சாப்பாடு முடிந்தது. வெளியே பளீரென்று வெயில். பணிப்பெண்கள் ஜன்னல்களை எல்லாம் மூடச் சொல்லி, விளக்கையும் அணைத்தார்கள். நண்பகலில் விமானம் முழுக்க இருட்டு. ஆளாளுக்கு முன்னால் சின்னத் திரையில் படம் ஓடியது. அப்பா படம் பார்க்கவில்லை. தலையை நிமிர்த்தி, யார் எழுந்து எங்கே போகிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தார். அவ்வப்போது காலை ஒன்றின்மேல் ஒன்று மாற்றி வைத்தார், நீட்டிப் பார்த்தார், முன் இருக்கை இடித்ததும் மடக்கினார். "என்னப்பா, கால் வலிக்குதா?" என்றேன். "சேச்சே, புது ஷூ" என்றார்.

நான் நம்பினேன். அம்மாவின் கால் பற்றி டாக்டர் சொன்னதை எல்லாம் மனப்பாடமாக வைத்திருந்தேன். அப்பாவின் கால் பற்றி எந்த டாக்டரும் ஒன்றும் சொன்னதில்லை. அவர் எந்த டாக்டரிடமும் போனதில்லை, அதனால்தான்.

நான் கண்ணயர்ந்திருக்க வேண்டும். திடீரென்று விளக்குகள் எல்லாம் எரிந்தன. பணிப்பெண்கள் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். வண்டி நிறைய ஐஸ்கிரீம். ஆட்கள் எழுந்து சோம்பல் முறித்தார்கள், கழிப்பறைக்கு வரிசை கட்டினார்கள், குழந்தைகள் ஓடின. அப்பாவின் முகத்தைப் பார்த்தேன். பேயறைந்தது போல இருந்தார். எனக்கும் அப்போதுதான் உறைத்தது.

திரை விலகியது. கைப்பிடிகளைப் பிடித்துப் பிடித்துத் தாங்கித் தாங்கி அம்மா வந்தாள். கையில் போர்டிங் பாஸின் கிழித்த பாதி.

"ஏங்க, இடைவேளை விட்டாச்சு. எழுந்திரிங்க" என்றாள்.

"இது இடைவேளை இல்ல. சும்மா ஐஸ்கிரீம் குடுக்கறாங்க."

"லைட்டுப் போட்டாச்சு, ஐஸ்கிரீம் விக்கறாங்க, ஜனங்க வெளிய வந்தாச்சு. இதுக்கு வேற என்ன பேரு? நீங்களே சொல்லுங்க."

சட்டம் அவருடையது. உதவி தேடி என்னைப் பார்த்தார். நான் அம்மாவின் காலைப் பார்த்தேன். "அம்மா, நீங்க நிக்கவே கூடாது. மொதல்ல போய்ப் படுங்க" என்றேன். நான் பேசினது அவள் காதிலேயே விழவில்லை.

சத்தம் கேட்டுத் தலைமைப் பணிப்பெண் வந்தார். கண்ணாடி போட்ட நடுவயதுக்காரர், பொறுமையான முகம். அம்மா அவரிடம் முன்பே பேசி வைத்திருக்கிறாள் என்பது அப்போதுதான் தெரிந்தது.

"மாறிக்கலாம் சார். ஒண்ணா வர்றவங்க, ரெண்டு பேருக்கும் சம்மதம்னா நாங்க தடுக்கறதில்ல. ஆனா ஒரே தடவைதான். போறதும் வர்றதுமா இருந்தா மத்தவங்க தூக்கம் கெடும். அடுத்த சாப்பாடும் அவங்கவங்க டிக்கெட்டுக்கு என்னவோ அதுதான் வரும்."

"கேட்டியா?" அப்பா அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். "ஒரே தடவை. இப்ப நீ இங்க வந்தா கடைசி வரைக்கும் காலைத் தொங்கப் போட்டுத்தான் கெடக்கணும். எனக்குச் சம்மதம் இல்ல. மேடம், எனக்குச் சம்மதம் இல்ல, எழுதிக்குங்க. இவளுக்கு முட்டியில ஆபரேஷன்."

தலைமைப் பணிப்பெண் அம்மாவைப் பார்த்தார். "அப்படின்னா நீங்க அங்கேயே இருக்கறதுதானே நல்லதும்மா?"

அம்மா அப்பாவின் காலைப் பார்த்தாள். பிறகு என்னிடம், "அப்பாவோட பேன்ட்டை முட்டிவரைக்கும் தூக்கு" என்றாள்.

"ஏய், என்ன பேசற நீ, இத்தனை பேருக்கு நடுவுல?"

"என்னால குனிய முடியாதுடி. தூக்கு."

அப்பா காலை இழுத்துக்கொண்டார். ஆனால் இழுக்க இடமில்லை, முன் இருக்கை தடுத்தது. நான் குனிந்து பேன்ட்டைக் கொஞ்சம் உயர்த்தினேன். வீட்டில்கூட பேன்ட்டோடுதான் இருப்பார். வேலைக்குப் போன பழக்கம் என்று நினைத்திருந்தேன். கணுக்காலிலிருந்து மேலே நரம்புகள் நீலமாகப் புடைத்து, முடிச்சு முடிச்சாகச் சுருண்டு கிடந்தன. தோல் கறுத்து, கால் வீங்கி, சாக்ஸின் பட்டை ஆழமாகப் பதிந்திருந்தது. அந்தக் காலோடுதான் அவர் என்னைப் பள்ளிக்கூடத்தில் விட்டு, காட்சிக்கு ஓடி, நின்று, திரும்பி வந்து, அடுப்படியில் நின்று சாப்பிட்டிருக்கிறார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பேன்ட்டை இறக்கிவிட்டேன்.

"ஏம்ப்பா சொல்லல?"

"உக்காந்தாத்தான் பாப்பா வலி தெரியும். நின்னுக்கிட்டே இருந்தா மரத்துப் போயிடும்" என்றார். அதனால்தான் உட்காராமலே இருந்திருக்கிறார்.

அம்மா தலைமைப் பணிப்பெண்ணிடம் திரும்பினாள். "தினம் தைலம் தேய்க்கறவ நான். டாக்டருகிட்ட வான்னா வரமாட்டாரு. ஊர்ல இருக்கறவனுக்கெல்லாம் இடம் காட்டிக்கிட்டு ஆயுசு பூரா நின்ன மனுஷன்மா இவரு. நான் தைச்ச மெத்தையில ஒரு நாளு உக்காந்ததில்ல. இவரை ஒரு பாதியாவது படுக்க வைக்கணும்னுதான் நான் இந்த விமானத்துலயே ஏறினேன். மகன் வீட்டை போட்டோவுலயே பாத்துட்டேன்."

ஐஸ்கிரீம் வண்டி எங்களைத் தாண்ட முடியாமல் காத்துக்கொண்டு நின்றது. பின்னால் ஒருவர் எட்டிப் பார்த்து, "போங்க சார், போய்ப் படுங்க" என்றார். அப்பாவுக்கு அதுதான் தாங்கவில்லை. அடுத்தவர்களுக்கு இடைஞ்சலாக வழியை அடைத்துக்கொண்டிருப்பது அவரால் முடியாத காரியம். எழுந்தார்.

"உன் காலு?" என்றார் அம்மாவிடம்.

"என் காலுக்கு என் பொண்ணு இருக்கா. நீங்க போங்க."

அம்மா டிக்கெட்டை நீட்டினாள். அப்பா இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். அம்மாவின் இருக்கைவரை அவரைக் கொண்டுபோய் விட எனக்கு அனுமதி கிடைத்தது. அந்தப் பெரிய இருக்கையின் விளிம்பில், பஸ்ஸுக்குக் காத்திருப்பவர் மாதிரி உட்கார்ந்தார். பணிப்பெண் ஒரு பொத்தானை அழுத்தினாள். இருக்கை மெதுவாக நீண்டு அவரையும் சாய்த்துக்கொண்டு போனது. "யாராவது வந்து கேட்டா?" என்றார். "யாரும் கேக்க மாட்டாங்கப்பா." அப்படியும் டிக்கெட்டைக் கையிலேயே பிடித்துக்கொண்டு, கண்ணைத் திறந்தபடி கூரையைப் பார்த்துப் படுத்திருந்தார். போர்வையைப் பணிப்பெண்தான் இழுத்து மூடிவிட்டாள்.

நான் திரும்பி வந்து நடுவில் இருந்த கைப்பிடியை மேலே தூக்கினேன். அம்மா முதுகுக்குத் தலையணை வைத்துப் பக்கவாட்டில் சாய, அவள் காலை நீட்டி என் மடியில் வைத்துக்கொண்டேன். ஆபரேஷன் தழும்பு சேலைக்கு மேலாகவே கையில் தட்டுப்பட்டது. கணுக்கால் சற்று வீங்கியிருந்தது. அதை மெல்லப் பிடித்துவிட்டேன். எனக்கு அவள்மேல் கோபம் கோபமாக வந்தது. இரண்டு பேர்மேலும் வந்தது. புள்ளிகள் இரண்டு இருக்கைக்குப் போதாமல் போன என் வேலைமேலும் வந்தது.

விளக்குகள் மறுபடி அணைந்தன. அம்மா தூங்கவில்லை. இருட்டில் கண்ணைத் திறந்து வைத்திருந்தாள்.

"அங்கயாவது கொஞ்சம் தூங்கினீங்களா?" என்றேன்.

"எங்க? மெத்தை நல்லா இருந்துச்சு. தையல்கூட சுத்தமா இருந்துச்சு. தூக்கந்தான் ஒரு பொட்டு வரல."

கொஞ்ச நேரம் கழித்துத் திரைக்கு அந்தப் பக்கம் ஒரு சத்தம் எழுந்தது. முதலில் விமானத்தில்தான் ஏதோ கோளாறு என்று பயந்தேன். பிறகு புரிந்தது. அப்பாவின் குறட்டை. வீட்டில் சுவரைத் தாண்டிக் கேட்கிற அதே குறட்டை, விமான இரைச்சலையும் மீறி ஏறி இறங்கியது. எங்கள் வரிசையில் ஒருவர் தலையைத் தூக்கிப் பார்த்தார். எனக்கு வெட்கமாக இருந்தது.

எதிர்பார்த்தபடியே தலைமைப் பணிப்பெண் வந்தார். அம்மாவின் பக்கத்தில் குனிந்து மெல்லப் பேசினார். "அம்மா, தப்பா எடுத்துக்காதீங்க. முன்னாடி ரெண்டு பேர் தூங்க முடியலேன்னு சொல்றாங்க. ஒரே தடவைன்னு சொன்னது நான்தான். ஆனா உங்க கால் நிலைமையும் இருக்கு. நீங்க விரும்பினா சாரை எழுப்பி இங்க கூட்டிட்டு வந்துடறேன். நீங்க பழையபடி அங்க வந்து படுத்துக்கலாம்."

எனக்கு அது வரமாகப் பட்டது. அப்பா கொஞ்ச நேரமாவது படுத்துவிட்டார், அம்மாவும் போய்க் காலை நீட்டட்டும். "சரின்னு சொல்லுங்கம்மா" என்றேன்.

அம்மா அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எழுப்பாதீங்கம்மா, உங்களுக்குப் புண்ணியமாப் போகும். அவரு பக்கத்துல இருக்கறவங்களுக்குக் காதுல வைக்கப் பஞ்சு குடுங்க. நான் மன்னிப்புக் கேட்டேன்னு சொல்லுங்க. இந்தச் சத்தத்துக்குப் பக்கத்துலயே படுத்துப் பழகினவ நான். இது கேக்காம அங்க முழிச்சுக்கிட்டே கெடந்தேன். எனக்கு இங்கதான் நல்லா இருக்கு."

தலைமைப் பணிப்பெண் அவளையே பார்த்தார். பிறகு சரி என்று தலையசைத்து, மேலே இருந்து இன்னொரு தலையணையை எடுத்து அவள் காலுக்குக் கீழே, என் மடியில் வைத்துவிட்டுப் போனார்.

அம்மா கண்ணை மூடினாள். சற்று நேரத்தில் அவள் மூச்சு சீரானது, வாய் லேசாகத் திறந்தது. என் தொடை மரத்துப் போனது, நான் அசையவில்லை. திரைக்கு அந்தப் பக்கம் குறட்டை ஏறி, இறங்கி, மறுபடி ஏறியது. ஓரிடத்தில் சட்டென்று நின்றது. அந்த நொடியே அம்மாவின் கண் திறந்தது. திரையைப் பார்த்தாள். நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். அந்தப் பக்கம் யாரோ புரண்டு படுக்கிற சத்தம் கேட்டது. பிறகு குறட்டை முன்னைவிடப் பலமாகத் தொடங்கியது. அம்மா கண்ணை மூடிக்கொண்டாள்.